டைட்டர் 4 என்று வந்தால் உடம்பில் குறையா?

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். நர்ஸிங் முடித்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. படிக்கும்போதே ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) ஊசி மூன்றும் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டையும் கல்லூரியிலேயே கையில் போட்டார்கள். மூன்றாவது ஊசி நாளில் நான் இல்லாமல் போனதால், பிறகு மெடிக்கலில் வாங்கி, இரண்டு நாள் ஹாஸ்டல் ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் பிடிக்கும் அறையில் வைத்திருந்து, ரூம்மேட்டை விட்டு இடுப்பில் போட்டுக்கொண்டேன். அது நடந்து மூன்று வருடம். போன மாதம் இங்கே எங்கள் எல்லோருக்கும் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு) பார்த்தார்கள். என்னோடு சேர்ந்த பெண்ணுக்கு 640, எனக்கு 4. இன்சார்ஜ் சிஸ்டர், “உனக்கு ஊசி பிடிக்கவில்லை, இந்த யூனிட்டில் வைக்க முடியாது போலிருக்கே” என்கிறார். ஒரு சீனியர், “நம்ம ஊர் ஆளுங்களுக்கே தடுப்பூசி சரியா ஏறாது, டபுள் டோஸ் போடு” என்கிறார். அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இதை அவர்களிடம் சொல்லியாக வேண்டுமா? எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா? எட்டு வயது அக்கா மகனுக்கும் டைட்டர் பார்க்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோரும் உங்கள் உடம்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள், நீங்களும் சேர்ந்து. எனக்குச் சந்தேகம் அந்த மூன்றாவது ஊசியின் மேல்தான். அதை விசாரிக்காமல் ‘ஊசி பிடிக்காத உடம்பு’ என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

முதலில் திருமண விஷயத்தை முடித்துவிடுகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தோன்றுகிறது. ஹெபடைடிஸ் பி விஷயத்தில் இரண்டு ரிப்போர்ட்டுகள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது ரத்தத்தில் இருந்தால் கிருமி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குப் பார்த்தது ஆன்டி ஹெச்.பி.எஸ். அது அந்தப் புரதத்துக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள். முன்னது நெகடிவாக இருப்பது நல்லது, பின்னது பாசிடிவாக இருப்பது நல்லது. ‘மஞ்சள் காமாலை டெஸ்ட்டில் ஏதோ சரியில்லையாம்’ என்று வீட்டுக்குள் பேச்சு கிளம்பினால் இந்த வித்தியாசம் யார் காதிலும் ஏறாது. டைட்டர் 4 என்பது நோயும் இல்லை, தொற்றின் அடையாளமும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பல கோடிப் பேருக்கும் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல இதில் விஷயமே இல்லை.

சரி, அந்த 4 என்ன சொல்கிறது? ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 10 மில்லி யூனிட் எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று உலகம் முழுவதும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 10 என்ற கோட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைசி ஊசி போட்ட ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தம் எடுத்திருக்க வேண்டும். அப்போது ஒருமுறை பத்தைத் தாண்டியவருக்கு, வருடங்கள் கழித்து எண் இறங்கிப்போனாலும் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று வருடம் கழித்து முதல்முறையாகப் பார்க்கும்போது வரும் 4-ஐ வைத்துக்கொண்டு, ஏறி இறங்கிய 4-ஆ, ஏறவே ஏறாத 4-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் இன்சார்ஜாலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஏறி இறங்குவது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்த ஊசிக்குள் வைரஸ் கிடையாது. பேக்கரியில் ரொட்டி உப்பப் பயன்படும் ஈஸ்ட் வகைக்குள் வைரஸின் ஒரே ஒரு மரபணுவைப் புகுத்தி, மேலுறைப் புரதத்தை மட்டும் வளர்த்து எடுக்கிறார்கள். அந்தப் புரதம் தானாகவே குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சேர்ந்துகொள்ளும். அவற்றை அலுமினிய உப்பில் ஒட்டவைத்து, தோள் தசையில் போடுகிறோம். அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்கி, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டுகின்றன. அடையாளம் கண்ட டி செல் கைகொடுத்தால்தான் பி செல்கள் பெருகி, எதிர்ப்பொருள் தயாரிப்பில் இறங்கும். முதல் ஊசிக்கு வருவது பெரும்பாலும் அவசரத்துக்கு உருவான, அவ்வளவு இறுக்கமாக ஒட்டாத எதிர்ப்பொருள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் கணுவுக்குள் ஒரு பொறுக்கியெடுப்பு நடக்கிறது. புரதத்தோடு நன்றாகப் பொருந்தும் பி செல்கள் மட்டும் தப்பிப் பிழைக்கும், மற்றவை கழிந்துபோகும். இதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் 0, 1, 6 மாதம் என்று மூன்றாவது ஊசியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பொறுக்கியெடுத்த செல்கள் தயாரான பிறகு அவற்றைத் தட்டியெழுப்புவது மூன்றாவது ஊசி. 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்களில் முதல் ஊசிக்குப் பிறகு பாதுகாப்பு அளவை எட்டுகிறவர்கள் நூற்றுக்கு 30 முதல் 55 பேர். இரண்டாவதுக்குப் பிறகு ஏறக்குறைய 75 பேர். மூன்றாவதுக்குப் பிறகு 90 பேருக்கு மேல். எண்ணும் மூன்றாவதுக்குப் பிறகுதான் எகிறும்.

தயாராகும் செல்களில் இரண்டு வகை. ஒன்று எதிர்ப்பொருளை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், காலப்போக்கில் குறைந்துபோகும். இன்னொன்று நினைவுச் செல்கள். விளைந்த நெல் சாப்பாட்டுக்குத் தீர்ந்துபோனாலும் விதைநெல் தனியாகக் கட்டி வைத்திருப்பது போல அவை சத்தமில்லாமல் இருக்கும். டைட்டர் அளப்பது முதல் வகையின் கைவேலையைத்தான். நினைவுச் செல்கள் எத்தனை இருக்கின்றன என்று எந்த லேப் ரிப்போர்ட்டும் சொல்வதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட சராசரியாக மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். நினைவுச் செல்கள் விழித்துக்கொண்டு எதிர்ப்பொருளை உற்பத்தி செய்ய சில நாட்கள் போதும். பந்தயத்தில் நாம் முந்திவிடுகிறோம். அதனால்தான் ஒருமுறை சரியாக எட்டியவர்களுக்கு, 30 வருடம் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் பாதுகாப்பு தொடர்ந்திருக்கிறது.

இப்போது அந்த மூன்றாவது ஊசிக்கு வருவோம். அதில் எனக்கு இரண்டு குறை தெரிகிறது.

முதலாவது, ஐஸ் அறை. தடுப்பூசி என்றால் நம் ஊரில் எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பயத்தில் தப்பும் சொல்ல முடியாது. ஆனால் ஹெபடைடிஸ் பி ஊசி தடுப்பூசிகளுக்குள் சூட்டை நன்றாகவே தாங்கக்கூடியது. அதற்குச் சத்துரு உறைபனி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்தால், அலுமினிய உப்பும் அதில் ஒட்டிய புரதமும் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். உருகிய பிறகு பார்த்தால் வெள்ளைக் கலங்கலாக, பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். உள்ளே வீரியம் போயிருக்கும். கிராமத்து வி.ஹெச்.என் (கிராம சுகாதார செவிலியர்) அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், ‘ஷேக் டெஸ்ட்’ செய்து காட்டுவார். சந்தேகமான குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பியையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். உறைந்துபோன மருந்தில் திரிதிரியாக அடியில் சீக்கிரம் படியும், மேலே தண்ணீர் தெளியும். நல்ல மருந்து வெகுநேரம் பால் மாதிரியே நிற்கும். உங்கள் குப்பி இரண்டு நாள் ஐஸ் அறையில் இருந்திருக்கிறது. கெட்டுப்போகாமல் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாவது, இடுப்பு. அங்கே தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு தடிமனாக இருக்கும். சாதாரண ஊசி நீளத்துக்கு மருந்து பெரும்பாலும் கொழுப்பிலேயே நின்றுவிடும். கொழுப்பில் ரத்த ஓட்டமும் காவல் செல்களும் குறைவு. இந்தத் தடுப்பூசி வந்த புதிதிலேயே, 1980-களில், இடுப்பில் போட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைவாக வருவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் பெரியவர்களுக்குத் தோள், கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கம் என்று விதியே இருக்கிறது. இடுப்பில் போட்டது கணக்கில் சேராது, திரும்பப் போட வேண்டும். ரூம்மேட் மேல் கோபப்படாதீர்கள். ‘கையில் போட்டால் வலிக்கும்’ என்று ஹாஸ்டல்களில் இது சகஜம்.

ஆக, உங்கள் அட்டையில் மூன்று ஊசி, உடம்பில் இரண்டுதான். இரண்டோடு நின்ற ஒருவருக்கு மூன்று வருடம் கழித்து 4 என்று வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 640 வந்த உங்கள் தோழியோடு ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை. பத்தைத் தாண்டிவிட்டால் 50-க்கும் 640-க்கும் உள்ள வித்தியாசம், எண் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில் ரத்தம் எடுத்து ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி, ஆன்டி ஹெச்.பி கோர் இரண்டையும் பாருங்கள். கோர் எதிர்ப்பொருள் ஊசியால் வராது, வைரஸ் எப்போதாவது உண்மையாகவே வந்துபோயிருந்தால் மட்டும் வரும். நீங்கள் ரத்தத்தோடு வேலை செய்பவர், இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட 18 நாள் வரை அந்த ஊசியில் இருக்கும் புரதமே பரிசோதனையில் சிக்கி ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிடிவ் என்று காட்டக்கூடும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்தக் கலாட்டா தேவையா?

அப்புறம், பெரியவர்களுக்கான 20 மைக்ரோகிராம் ஊசி ஒன்று, தோளில். ஆரம்பத்திலிருந்து போட வேண்டியதில்லை, இடைவெளி எத்தனை வருடமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் டைட்டர். பத்துக்கு மேல் வந்துவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் ஆயுசுக்கும் உங்களுக்கு டைட்டர் பார்க்கவோ பூஸ்டர் போடவோ தேவையில்லை. சில இடங்களில் வருடாவருடம் ஸ்டாஃபுக்கு டைட்டர் பார்த்து ஊசி போடுகிறார்கள். அது டயாலிசிஸ் நோயாளிகளுக்கான விதி, அவர்களைக் கவனிக்கும் ஆரோக்கியமான நர்ஸுக்கு அல்ல. எனக்குக் கேட்டால் அது வீண் செலவு.

டபுள் டோஸ் விஷயத்திலும் இதே குழப்பம்தான். 40 மைக்ரோகிராம் என்பதும் உங்கள் யூனிட்டில் படுத்திருப்பவர்களுக்கு எழுதியது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தடுப்பாற்றல் மந்தமாகிவிடுவதால் அவர்களுக்கு இரட்டிப்பு அளவு. சீனியர் தினம் தினம் அதைப் போட்டுப் பழகியதால் உங்களுக்கும் சொல்லியிருப்பார்.

ஒருவேளை பத்தைத் தாண்டவில்லை என்றால்? இன்னொரு முழுச்சுற்று, 0, 1, 6 மாதம், மூன்று ஊசி, மறுபடி டைட்டர். முதல் சுற்றில் ஏறாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது இரண்டாவது சுற்றில் ஏறிவிடுகிறது. ஆறு ஊசிக்கும் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டியவர்கள், ஆண்கள், புகைபிடிப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நாட்பட்ட நோய் உள்ளவர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம். இது எதுவுமே இல்லாத திடகாத்திரமான ஆளுக்கும் நடக்கும். புரதத் துண்டை டி செல்லிடம் பிடித்துக் காட்டும் மூலக்கூறின் வடிவம் ஆளுக்கு ஆள் பரம்பரையாக மாறும். சிலருடைய வடிவத்தில் இந்தக் குறிப்பிட்ட புரதத் துண்டு சரியாக உட்காராது, அவ்வளவுதான். டெட்டனஸ் ஊசியும் அம்மை ஊசியும் அவர்களுக்கு வழக்கம்போல வேலை செய்யும். ‘எதிர்ப்பு சக்தியே இல்லை’ என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அப்படிப்பட்ட நர்ஸுகளும் டாக்டர்களும் வேலையில் இருக்கிறார்கள். ஊசி குத்திக்கொண்டால் மட்டும் அவர்களுக்கு வேறு வழிமுறை.

அதை இப்போதே நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். டயாலிசிஸுக்காக நோயாளியின் ரத்தக்குழாயில் குத்தும் ஃபிஸ்டுலா ஊசி தடிமனானது, நடுவில் குழல் உள்ளது, ரத்தம் நிறைய தங்கும். பாதுகாப்பில்லாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி-யில் இது ஆயிரத்துக்கு 3 மட்டுமே. எல்லோரும் எச்.ஐ.வி-க்குத்தான் நடுங்குவார்கள். குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ப்ளீச் ஊற்றாதீர்கள். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைப்பதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நோயாளி பாசிடிவ் என்றால், உங்களுடைய இப்போதைய நிலையில் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 0.06 மி.லி., கூடவே தடுப்பூசியும் ஒரு டோஸ். இம்யூனோகுளோபுலின் என்பது வேறு ஒருவரின் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை உங்களுக்குக் கடனாகக் கொடுப்பது. ஆறு ஊசிக்கும் ஏறாதவர் என்றால் அதையே ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ரிசல்ட் வரும் வரை பாசிடிவ் நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய மெஷின் பக்கம் போடாமல், மற்ற பக்கம் டியூட்டி போடச் சொல்லுங்கள். வேலையை விட்டு நிற்கச் சொல்ல இதில் காரணமே இல்லை.

“நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஏறாது” என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு, சீனியர் சும்மா சொல்லவில்லை. 1970-களில் வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் வைராலஜி (வைரஸ் ஆய்வு) டாக்டர் ஜேக்கப் ஜான், வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்தும் பலருக்கு எதிர்ப்பொருள் போதுமான அளவு வரவில்லை என்று காட்டினார். மேலை நாட்டில் போதுமான மூன்று தவணை இங்கே போதவில்லை. கூடுதல் தவணைகள் தேவை என்ற வாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் அது வாய்வழி மருந்தின் பிரச்சினை. குடலில் வேறு கிருமிகளோடு போட்டி போட்டு வளர வேண்டிய உயிருள்ள வைரஸ் அது. தோளில் போடும் ஊசிக்குக் குடலோடு சம்பந்தமில்லை. ஹெபடைடிஸ் பி ஊசி மற்றவர்களுக்கு ஏறுவது போலத்தான் நமக்கும் ஏறுகிறது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கீழாநெல்லியை ஒரேயடியாக எள்ளி நகையாடும் ஆள் நான் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கே, சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லி பற்றி 1988-ல் லான்செட் இதழில் கட்டுரை எழுதியவர். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும்கூட, ஏற்கெனவே கிருமி உள்ளவர்களிடம் கிருமியை விரட்ட முடியுமா என்ற ஆராய்ச்சிதான். டைட்டரை ஏற்ற கீழாநெல்லிக்கும் தெரியாது, ஆட்டு ஈரலுக்கும் தெரியாது. மோரை மட்டும் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது.

அக்கா மகனுக்கு டைட்டர் வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியிலேயே ஹெபடைடிஸ் பி சேர்ந்திருக்கிறது. ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் அவனுக்குப் போட்டிருப்பார்கள். சின்ன வயதில் போட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் எண் பத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். பார்த்தால் வீண் கவலைதான் மிஞ்சும். அவனுடைய அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிடிவாக இருந்திருந்தால் மட்டும் விஷயம் வேறு, அப்போது பையனை அழைத்துவந்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அக்காவிடம் அந்தப் பழைய பிரசவ ஃபைல் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.